மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: நான் பினாங்கு, குளுகோரில் இருக்கிறேன். வயது 41. அம்மா இறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பு, பிறையில் இருந்த வீட்டை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவைக் கடைசி மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டது நான்தான். காரியம் முடிந்த நாளிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. அண்ணன் மகள் என்னை ‘அத்தை’ என்று கூப்பிட்டு நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் ‘இந்தச் சுமையை இந்த ஆண்டோடு விட்டுவிட வேண்டும்’ என்று உறுதி எடுக்கிறேன். தைப்பூசம் வருவதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. மறப்பதா, மன்னிப்பதா, எப்படித்தான் விடுவது?

பதில்:

உங்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பினாங்கில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஜனவரி இரண்டாவது வாரத்தில் யாராவது என் எதிரே வந்து உட்கார்ந்து, “விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்” என்று தொடங்காத ஆண்டு ஒன்றுகூட இல்லை.

‘இனி நினைக்கக் கூடாது’ என்ற அந்த உறுதியிலேயே சிக்கல் இருக்கிறது. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதுவரை ஒரு நாளும் குரங்கை நினைக்காதவனுக்குக்கூட, மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் இதையே சோதித்துப் பார்த்தார்கள், குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்து. மாணவர்களைத் தனியே உட்கார வைத்து, ஐந்து நிமிடம் மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கடுத்த ஐந்து நிமிடம். ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்று சொன்னதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

டிசம்பர் 31 இரவு ‘அண்ணனை இனி நினைக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் படுக்கிறீர்கள். அந்த நிமிடத்திலிருந்து மனம் காவல் காக்கத் தொடங்குகிறது: நினைக்கிறோமா, நினைக்கவில்லையா? காவல் காப்பதற்கே அண்ணனை நினைத்தாக வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும். பிறகு காவல் சோர்ந்துபோகும்.

ஆண்டுப் பிறப்பில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தாண்டு, பிறந்தநாள், மாதத்தின் முதல் நாள் போன்ற தொடக்கங்களை ஒட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோரும், உடல் எடையைக் குறைப்பது பற்றி இணையத்தில் தேடுவோரும் கூடுவதை 2014-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நேற்றுவரை இருந்த ‘நான்’ வேறு, இன்றைய ‘நான்’ வேறு என்று பிரித்துக்கொள்ள மனத்துக்கு ஒரு கோடு தேவைப்படுகிறது. இந்த ஊரில் நமக்குக் கோடுகளுக்குக் குறைவில்லை: ஜனவரி 1, போகி, பொங்கல், பக்கத்து வீட்டுச் சீனப் பெருநாள், பிறகு சித்திரை. இவை எதுவும் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். முடித்துத் தராது.

‘விடுவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுமைக்கு நம் மொழியில் இருக்கும் சொல் வேறு: இறக்கி வைப்பது. எங்கே இறக்கி வைப்பது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் குனிய வேண்டாம், கைகொடுக்க யாரையும் கூப்பிட வேண்டாம். சுமையை அப்படியே அதன் மேல் நகர்த்தி வைத்துவிடலாம். திரும்ப எடுக்கும்போதும் தலையைக் கொடுத்தால் போதும். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்களின் குடும்பத்தார் அந்தக் கற்களை நடுவது வழக்கம். இறக்கிவைக்காமலேயே போன ஒருத்தியின் பெயரால், வழியில் போகிற எல்லோரும் இறக்கி வைக்க ஓர் இடம். நம் முன்னோர்கள் செய்தவற்றில் இதைப் போல என்னை உருக்கியது வேறு எதுவுமில்லை.

சுமைதாங்கியில் வைத்த மூட்டையை யாரும் அங்கேயே விட்டுவிட்டுப் போவதில்லை. கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, கெட்டுப்போனதை எடுத்துப் போட்டுவிட்டு, திருத்தமாகக் கட்டி மறுபடி தூக்குவார்கள். உங்களுக்குப் புத்தாண்டு அப்படி ஒரு கல்லாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். நீங்கள் நான்கு வருடமாக மூட்டையை அவிழ்க்காமலேயே கடலில் வீசப் பார்க்கிறீர்கள்.

என் மூட்டையை முதலில் அவிழ்க்கிறேன். என் அப்பா தீவில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். எங்கள் வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில். பதினோராம் நாள் காலை, இரவெல்லாம் விழித்திருந்த என்னை அப்பாதான் “போய்க் குளித்துவிட்டு வா” என்று அனுப்பினார். அழுக்குக் கைலிகள் இரண்டையும் காலித் தூக்குச்சட்டியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறினேன். குளித்தேன், கஞ்சி வைத்தேன், மறுபடி ஃபெரி ஏறினேன். பாதிக் கடலில் அக்கா கைபேசியில் அழைத்தாள். கரை தெரிகிறது, கொம்தார் கட்டடம் தெரிகிறது, ஃபெரி தன் வேகத்தில்தான் போகிறது. எழுந்து ஓட இடமில்லை. மடியில் தூக்குச்சட்டி சுட்டது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் நான் ஃபெரி ஏறவில்லை. பாலத்தில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் பாலம் வழியாகவே போனேன். ஒவ்வொரு புத்தாண்டிலும் ‘அப்பா நல்லபடியாகத்தான் போனார், போதும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒன்பதாம் ஆண்டுத் திதிக்குப் படையல் போட்டு முடித்துவிட்டு, அக்காவும் நானும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான், முதல் தடவையாக, “நான் அன்று குளிக்கப் போயிருக்கக் கூடாது” என்று சொன்னேன். அக்கா கையிலிருந்த தட்டோடு திரும்பினாள். “நீ போன பிறகு அப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? ‘இரண்டு நாளாக அவள் தலை வாரவில்லை, பாவம், தலை வலிக்கும்’ என்றார். உன்னிடம் சொல்லியிருக்கிறேனே?” என்றாள். சொல்லவில்லை. அவள் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவே இல்லை.

அன்று மூட்டை அவிழ்ந்தது. குற்ற உணர்வுதான் மேலே இருந்தது. அதற்குக் கீழே, இரவிலேயே நிலைமை மோசமாகிவிட்டதை எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்ற கோபம். எல்லாவற்றுக்கும் அடியில், அப்பா இல்லை என்ற வெறும் ஏக்கம். குற்ற உணர்வு அக்காவின் ஒரு வாக்கியத்தில் பாதி கரைந்தது. கோபத்தை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்; அது சிறுத்துப்போனது. ஏக்கத்தை ஒன்றும் செய்யவில்லை. அதை இறக்க வேண்டியதே இல்லை என்று தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளாக அதையும் சேர்த்துத்தான் தொலைக்கப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மற்ற இரண்டும் போகவில்லை.

இனி உங்கள் மூட்டை. உங்கள் கேள்வியில் முதலில் வருவது வீடு. நாளைக் காலை அண்ணன் வந்து வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டால், நாளை இரவு நிம்மதியாகத் தூங்குவீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

‘ஆம்’ என்றால், உங்களிடம் இருப்பது சொத்துத் தகராறு. அதற்கு என்னைவிட ஒரு வழக்கறிஞர் தேவை. நம் மலேசியாவில் உயிரோடு இருப்பவர் தன் வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது தேசிய நிலச் சட்டத்தின் 14ஏ பாரத்தில், தகுதியுள்ள சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திட்டு நடக்க வேண்டிய காரியம். அம்மா அதைத் தெரிந்து, மனமுவந்து செய்தாரா என்பது கேட்கக்கூடிய கேள்வி. பெயர் மாறாமல், உயிலும் எழுதாமல் அவர் போயிருந்தால் 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு வந்திருக்கும். வழக்குக்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் விசாரிக்கலாம். கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ‘அண்ணன்தானே, விட்டுக்கொடு’ என்று நாலு பேர் சொன்னதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு இருபது வருடம் அதையே மென்று விழுங்க முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டு, இல்லை என்று தெரிந்துகொள்வது அதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் உங்கள் பதில் ‘இல்லை’ என்றுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் ஒரே ஒரு வாக்கியம்: “அம்மாவைக் கடைசி மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டது நான்தான்.” அந்தத் ‘தான்’ என்னைப் பிடித்து நிறுத்தியது. படுக்கையில் இருக்கும் ஒருவரை மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மருந்து வாங்க எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் காத்திருக்க வேண்டும். வேலையிடத்தில் விடுப்பு தீர்ந்துபோகும். திறக்க மறுக்கும் வாய்க்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ‘நீ செய்தாய், நாங்கள் பார்த்தோம்’ என்று யாராவது ஒருவர் உங்களிடம் சொன்னார்களா? அண்ணன் வீட்டை எழுதி வாங்கியபோது, அந்த மூன்று ஆண்டுகளுக்கும் விலையில்லை என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது போலல்லவா இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. காரியம் முடிந்த அன்றே சண்டை. அப்படியானால் அம்மாவுக்காக எப்போது அழுதீர்கள்? நம் வழக்கத்தில் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வீடு உண்மையிலேயே காலியாகும். வந்தவர்கள் போவார்கள், வாடகை நாற்காலிகள் போகும், அதன் பிறகுதான் துக்கம் உள்ளே வந்து உட்காரும். அது வந்தபோது உங்கள் வீட்டில் கோபம் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் தவறாக ஊகித்திருக்கலாம். ஆனால் நான்கு வருடக் கோபத்தின் அடியில் அழப்படாத ஒரு சாவு இருப்பதை இந்த வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அவிழ்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். செலவில்லாதது. ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து, நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தம் மாணவி ஒருவரோடு சேர்ந்து செய்த ஆய்விலிருந்து வந்தது. வாழ்க்கையில் தங்களை மிகவும் கலக்கிய நிகழ்ச்சியைப் பற்றி மாணவர்கள் நான்கு நாள் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதில் தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. எழுதிய உடனே அவர்களுக்குச் சுகமாக இருந்ததா? இல்லை. எழுதி முடித்த கையோடு மற்றவர்களைவிட வருத்தமாகத்தான் இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாம் நாள் இரவு நீங்கள் ‘இதெல்லாம் வேண்டாத வேலை’ என்று நோட்டை மூடப் பார்ப்பீர்கள். பின்னர் செய்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, பலருக்குச் சிறிய அளவில்தான். ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு அது நல்ல பலன்.

எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். தமிழில் தொடங்கி மலாயில் முடிந்தாலும் சரி. திட்டுவதற்கு எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே திட்டுங்கள். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதியதைக் கிழித்துப் போடலாம், வைத்தும் இருக்கலாம். அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் போகி அன்று கொளுத்தப் பார்க்காதீர்கள், கிழித்தாலே போதும். இப்படி எழுத வைத்த ஒருவர், அடையாளம் தெரியாமல் சொல்கிறேன், மூன்றாம் நாள் முழுவதும் ஓர் ஆட்டுக்கல்லைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார். தோட்டத்து லயத்து வீட்டில் அவருடைய அம்மா மாவாட்டிய கல் அது. காலி செய்துகொண்டு வந்தபோது யாரும் தூக்கி வரவில்லை. பங்காளிச் சண்டை என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கல். உங்களுக்கும் அப்படி எதிர்பாராத ஒன்று வரலாம். வந்தால் அதன் பின்னாலேயே போங்கள்.

நான்காம் நாள் மட்டும், முடிந்தால், அண்ணன் பக்கத்திலிருந்து பதினைந்து நிமிடம் எழுதிப் பாருங்கள். அவருக்காக வாதாட வேண்டாம். அன்று 14ஏ பாரத்தைக் கையில் வைத்திருந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று மட்டும். ‘நான்’ என்பதிலேயே நிற்காமல் ‘அவர்’, ‘அவர்கள்’ என்று மாறி மாறி எழுதுகிறவர்களுக்குப் பலன் கூடுவதாகப் பென்னிபேக்கர் பின்னாளில் கண்டார். கை நடுங்கினாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்ட ஒன்றைத் தனியாக எழுதக் கூடாது; பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

தைப்பூசத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். ரதம் வருவதற்கு முன்பு டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் மலைமலையாகக் குவிந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழர், சீனர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் சிதறு தேங்காய் உடைப்பார்கள். ஓராண்டு எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார், அறுபது வயதிருக்கும். கையில் ஒரே ஒரு தேங்காய். பக்கத்தில் ஒரு பையன் கூடை கூடையாக உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். ஓட்டுச் சில்லுகள் எங்கள் கால்வரை தெறித்தன, இளநீர் வழிந்து சாலையே வழுக்கியது. அந்த அம்மா அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, வெகுநேரம். பிறகு தேங்காயைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஒரே அடியாக உடைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்னதுதான் என்று பெயர் சொல்லித்தான் உடைத்தார் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த உதட்டசைவில்தான் காரியமே இருக்கிறது என்று நினைக்கிறேன். வெறும் ஆத்திரத்தில் எதையாவது உடைத்தால் ஆத்திரம் தீரும் என்பது பலருடைய நம்பிக்கை. அது சரியில்லை. பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடியிருந்தது. ஆகவே இந்தத் தைப்பூசத்தில் அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு தேங்காய் உடைக்காதீர்கள். உடைப்பதாக இருந்தால், உங்களிடம் இருப்பதைப் பெயர் சொல்லி உடையுங்கள்.

தண்ணீர்மலை முருகன் கோவிலில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 513 படி ஏறிப் போன பிறகு, காவடி எடுத்தவர் தானாகவே காவடியை இறக்கிக்கொள்வதில்லை. கூட வந்தவர்கள்தான் அலகை ஒவ்வொன்றாகக் கழற்றி, விபூதியை வைத்து அழுத்தி, காவடியைத் தூக்கி எடுக்கிறார்கள். நோட்டுப்புத்தகம் சுமைதாங்கிக் கல்லைப் போல, தனியாக இறக்கி வைக்க உதவும். சில சுமைகளுக்கு இன்னொருவர் கை வேண்டும். எனக்கு அக்கா இருந்தாள். உங்களுக்கு யார்? ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று தொடங்குகிறவரிடம் போகாதீர்கள். அண்ணன் மேல் ஏற்கெனவே கடுப்பில் இருப்பவரும் வேண்டாம். அவர் தன் மூட்டையையும் உங்கள் தலையில் ஏற்றிவிடுவார். ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். அந்த மூன்று ஆண்டுகளை, முதல் நாளிலிருந்து, அவரிடம் சொல்லுங்கள். வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இப்போது மன்னிப்பு. எவரெட் வர்த்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பைப் பற்றியே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர். 1996-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று அவருடைய தாயார் தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். முந்தின இரவு திருட வந்தவர்கள் செய்த கொலை. எனக்குக் கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்ற அளவுக்குக் கோபம் வந்ததை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு, தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தானே செய்து பார்த்தார். அவர் வகுத்த ஒரு வேறுபாடு உங்களுக்குப் பயன்படும். மன்னிப்பில் இரண்டு உண்டு என்கிறார். ஒன்று முடிவு: இனி பழி தேட மாட்டேன், இவரையும் ஒரு மனிதராகவே நடத்துவேன் என்று தீர்மானிப்பது. மற்றொன்று உணர்வு: கசப்பு மெல்ல மெல்ல இறங்கி, அந்த இடத்தில் இரக்கமோ பரிவோ வருவது. முடிவை ஒரே நாளில் எடுக்கலாம். உணர்வுக்கு அதன் காலம் வேண்டும். நீங்கள் டிசம்பர் 31 அன்று முடிவை எடுத்துவிட்டு, ஜனவரி 14-இல் கசப்பு இருப்பதைப் பார்த்ததும் முடிவே பொய் என்று நினைத்துவிடுகிறீர்கள். பொய் இல்லை. முடிவு நிற்கிறது, உணர்வு பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

மன்னிப்பது வேறு, உறவு கொண்டாடுவது வேறு என்பதும் அவர் சொல்வதுதான். மன்னிப்புக்கு நீங்கள் ஒருவர் போதும். உறவுக்கு இருவர் வேண்டும், அதில் இன்னொருவர் நம்பத்தக்கவராக நடந்துகொள்ளவும் வேண்டும். அண்ணனை மன்னித்துவிட்டு அவர் வீட்டுப் படி ஏறாமலும் இருக்கலாம். வர்த்திங்டனின் தம்பி பின்னாளில் தற்கொலை செய்துகொண்டார். கொலைகாரனை மன்னிக்க முடிந்தவருக்கு, தம்பியைக் காப்பாற்ற முடியாமல் போன தன்னை மன்னிப்பது அதைவிடக் கடினமாக இருந்ததாக எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஃபெரியும் தூக்குச்சட்டியும்தான் நினைவுக்கு வந்தன. உங்கள் மூட்டையிலும் உங்கள்மேலேயே ஒரு கோபம் இருக்கலாம். அம்மாவிடம் ஒரு நாள் எரிந்து விழுந்தது, கரண்டியை ஓங்கி வைத்தது. மூன்று ஆண்டு பார்த்துக்கொண்ட யாருக்கும் அப்படி ஒரு நாள் இல்லாமல் இருக்காது. அதையும் எழுதுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம், ‘புது வருடம், பழையதை மறந்துவிட்டுச் சிரித்த முகமாக இரு’ என்று சொல்லும் பெரியவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நடந்து முடிந்ததைத்தான் இறக்கி வைக்க முடியும்; நடந்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். அதற்குத் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றி அந்தப் பெண்ணிடம் யாரும் பேச வேண்டாம்.

அதேபோல், இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டிருந்தாலும், தூக்கமும் பசியும் போய்விட்டாலும், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் அதற்கு நோட்டுப்புத்தகம் போதாது. மனச்சோர்வு என்பது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்தே மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பேசுங்கள்: பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்று இருந்த சட்டப்பிரிவை 2023-இல் நம் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. யாரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கப் போவதில்லை.

‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று போகிதோறும் வாழ்த்துச் செய்தி வரும். அது நன்னூலின் கடைசி நூற்பா. பாயைப் பற்றியோ பழந்துணியைப் பற்றியோ அது சொல்லவில்லை. இலக்கண நூல் அல்லவா, ஒரு மொழியில் சொற்களும் வழக்குகளும் மாறுவதைப் பற்றிச் சொல்கிறது. வாழ்த்துச் செய்தியில் வராத மீதிப் பாதி இது: ‘வழுவல கால வகையினானே.’ பழையது கழிவது குற்றமில்லை. காலத்தின் போக்கில் அது நடக்கும். நன்னூலை எழுதிய பவணந்தியார் அதற்குத் தேதி குறிக்கவில்லை. நீங்களும் 31-ஆம் தேதி இரவைக் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரவு நன்றாகத் தூங்குங்கள். ஜனவரி 1 விடுமுறைதான், காலையில் நோட்டைத் திறந்தால் 4-ஆம் தேதி முடிந்துவிடும்.

அதன் பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். வீட்டைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் எழுதிய கேள்வியில், ‘அத்தை’ என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி கொடுத்திருந்தீர்கள். அவளுக்கு இப்போது என்ன வயது? எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?